இருட்டில் படமெடுக்க ஃபுல் ஃபிரேம் வேண்டுமா?

கேமராவோடு சேர்த்தே தரப்படும் கிட் லென்ஸோடு கேமரா வாங்கி ஓரிரு வருடம் ஓட்டியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஒரு கட்டத்தில் இதைக் கேட்கிறார்கள். பகலில் எடுக்கும் படங்கள் நன்றாகத்தான் வருகின்றன. பொழுது சாய்ந்த பிறகு எடுத்தால் புள்ளி புள்ளியாக, நிறம் செத்து, முகமெல்லாம் சொரசொரவென்று வருகிறது. ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது ஒளியை வாங்கும் சென்சார் பெரிதாக உள்ள கேமராவுக்கு, மாறினால் சரியாகிவிடுமா?

மாறினால் வித்தியாசம் தெரியும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த வித்தியாசத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. அது எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் பணத்தை எதில் போடலாம் என்பது தானாகத் தெளிவாகும். பிடிபடாமல் வாங்கினால் புதிய பாடியிலும், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவிலும், பழைய புள்ளிகளே வந்து நிற்கும்.

உதாரணத்துக்குத் தெருக்கூத்தை எடுத்துக்கொள்கிறேன். வெளிச்சக் குறைவில் படமெடுப்பதற்கு அதைவிடக் கடினமான, அதைவிட நியாயமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. வட தமிழகத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா சமயத்தில் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் கூத்து விடிய விடிய நடக்கும். முன்பு பெட்ரோமாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது எல்இடி ஃபோகஸ் விளக்குகளும் டியூப் லைட்டுகளும் இருக்கின்றன. கண்ணுக்கு அது தாராளம். கேமராவுக்குப் போதாது. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய வேஷக்காரர் திரை விலகியதும் சுழன்று ஆடத் தொடங்குவார். ஃபிளாஷ் அடித்தால் அவருக்கும் தொந்தரவு, தரையில் உட்கார்ந்து பார்க்கிற ஊர்ச்சனத்துக்கும் தொந்தரவு. அந்த இரவின் வெளிச்சமும் படத்திலிருந்து போய்விடும். டிரைபாடில் வைத்து மெதுவான ஷட்டரில் எடுக்கலாமென்றால் ஆடுகிறவர் நமக்காக நிற்க மாட்டார். இருக்கிற வெளிச்சத்தில், வேகமான ஷட்டரில், கையில் பிடித்து எடுத்தாக வேண்டும். கல்யாண மண்டபம், கச்சேரி, ராத்திரி சாமி புறப்பாடு என்று நீங்கள் எடுப்பது எதுவாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

எவ்வளவு வெளிச்சம் போதவில்லை?

படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. மேடையில் இருக்கும் வெளிச்சம், லென்ஸ் துவாரத்தின் அளவான அப்பெர்ச்சர், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஐஎஸ்ஓவை இதில் சேர்க்கவில்லை. அது வெளியிலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுவருவதில்லை. சென்சார் வாங்கிய சிக்னலை எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதாகப் புரியும்.

வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடியது என்பார்கள்; பாதியானால் ஒரு ஸ்டாப் குறைந்தது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் பெரிது. எஃப் 5.6, 4, 2.8, 2, 1.4 என்று இறங்கும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்.

சுமாரான விளக்குகள் உள்ள ஒரு கூத்து மேடையில், ஆட்டத்தை உறைய வைக்க 1/250 நொடி ஷட்டர் வைத்து, எஃப் 2.8 திறந்தால், ஐஎஸ்ஓ 6400 பக்கம் வந்து நிற்கும். இதே மேடையில் உங்கள் 18-55 கிட் லென்ஸை 55 வரை ஜூம் செய்தால் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 2.8ஐவிட இரண்டு ஸ்டாப் குறைவு. ஆகவே ஐஎஸ்ஓ 25,600. புள்ளி புள்ளியாக வருவதில் ஆச்சரியமே இல்லை. அதே பாடியில் ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் ஒன்றை மாட்டினால் ஐஎஸ்ஓ 2500 பக்கம் இறங்கிவிடும். எஃப் 1.4 என்றால் 1600.

கேமரா மாறவில்லை, மேடை விளக்கு மாறவில்லை, ஷட்டரும் மாறவில்லை. 25,600 எங்கே, 2500 எங்கே! இந்த இரண்டு எண்களையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் தருவது எவ்வளவு என்று அளக்க இவை தேவைப்படும்.

புள்ளிகள் ஏன் வருகின்றன

நாய்ஸ் என்று நாம் சொல்கிற அந்தப் புள்ளிகளைக் கேமராவின் குறை என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படி இல்லை. ஒளியின் இயல்பே அதுதான். ஒளி ஃபோட்டான்களாகத் தனித்தனியாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. தூறல் போட ஆரம்பித்த நேரத்தில் முற்றத்தைப் பாருங்கள்: ஒரு கல்லில் நான்கு துளி, பக்கத்துக் கல்லில் ஒன்று, அடுத்ததில் ஒன்றுமே இல்லை. மழை வலுத்துப் பெய்தால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி நனைந்துவிடும். பிக்சல்களிலும் இதுதான் நடக்கிறது. ஒரே சீரான சுவரைப் படமெடுத்தாலும், வெளிச்சம் குறைவாக இருக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் ஃபோட்டான்களை வாங்குகின்றன. அந்த ஏற்றத்தாழ்வுதான் நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது.

இதற்கு எளிய சூத்திரம் உண்டு. சராசரியாக எத்தனை ஃபோட்டான் வருகிறதோ அதன் வர்க்கமூலம்தான் ஏற்றத்தாழ்வின் அளவு. 100 ஃபோட்டான் வந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது பத்து சதவீதம். 10,000 வந்தால் 100, அதாவது ஒரே சதவீதம். வெளிச்சம் கூடக் கூடப் படம் வழுவழுப்பாவது இதனால்தான். சென்சாரும் அதன் சுற்றுகளும் சேர்க்கிற மின்சார நாய்ஸும் இருக்கிறது. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த கேமராக்களில் அது மிகவும் குறைந்துவிட்டது. அடர்ந்த நிழல்களிலும் மிக உயர்ந்த ஐஎஸ்ஓவிலும்தான் தலைகாட்டும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் நாய்ஸ் வரும் என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஐஎஸ்ஓ உயர்வதும் நாய்ஸ் வருவதும் ஒரே காரணத்தால் சேர்ந்து நடக்கின்றன: வெளிச்சம் குறைவு. வீட்டிலேயே சோதிக்கலாம். மங்கலான அறையில் அப்பெர்ச்சரையும் ஷட்டரையும் மாற்றாமல், ஐஎஸ்ஓ 800இல் ஒன்று, 6400இல் ஒன்று என்று, கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ரா கோப்பாக இரண்டு படம் எடுங்கள். 800இல் எடுத்தது இருட்டாக இருக்கும். கணினியில் அதை மூன்று ஸ்டாப் தூக்கிவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ குறைவாக வைத்த படம் மற்றதைவிட எந்த விதத்திலும் சுத்தமாக இருக்காது. பல கேமராக்களில் 6400இல் எடுத்ததே கொஞ்சம் மேலாக இருக்கும். ஆகவே ஐஎஸ்ஓவுக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுக்காதீர்கள். தொடங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிழை இதுதான். படம் இருட்டாக வந்து, பிறகு அதைக் கணினியில் தூக்கி, ஃபுல் ஃபிரேம் இல்லாததால் இப்படி ஆயிற்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஃபுல் ஃபிரேம் என்பது எவ்வளவு பெரிது?

36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். இந்த அளவு டிஜிட்டல் காலத்தில் பிறந்தது இல்லை. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் 1913-14 வாக்கில் சினிமா ஃபிலிமைப் போட்டுப் படமெடுக்கும் சின்னக் கேமரா ஒன்றை உருவாக்கினார். சினிமா ஃபிரேம் 18-க்கு 24. அவர் ஃபிலிமைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, இரண்டு ஃபிரேம் இடத்தை ஒரு படத்துக்கு எடுத்துக்கொண்டார். 24-க்கு 36 அப்படித்தான் வந்தது. 1925இல் லைக்கா என்ற பெயரில் அந்தக் கேமரா விற்பனைக்கு வந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் பல பத்தாண்டுகள் ரோல் போட்டு எடுத்ததும் இதே அளவில்தான்.

டிஜிட்டல் வந்தபோது அத்தனை பெரிய சென்சாரைச் செய்வது மிகுந்த செலவு பிடிக்கிற வேலையாக இருந்தது. அதனால் சிறிய சென்சார்கள் வந்தன. அவற்றில் பரவலானது ஏபிஎஸ்-சி. 1996இல் வந்து சீக்கிரமே மறைந்த ஒரு ஃபிலிம் வகையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் இது ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ.; கேனானில் இன்னும் கொஞ்சம் சிறிது, 22.3-க்கு 14.9. கிராப் பாடி என்று நாம் சொல்வது இதைத்தான். 2005இல் கேனான் 5டி வந்த பிறகுதான் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் தனியாகத் தொழில் செய்கிறவர்களின் கைக்கு எட்டத் தொடங்கியது.

பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 366. வித்தியாசம் 2.4 மடங்கு. கேனான் கிராப்போடு ஒப்பிட்டால் 2.6 மடங்கு. ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் என்றால் சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழுவது ஒரே அளவு வெளிச்சம்தான். பரப்பு 2.4 மடங்கு பெரிது என்பதால் மொத்தப் படத்துக்குச் சேரும் வெளிச்சமும் 2.4 மடங்கு. ஸ்டாப் கணக்கில் சொன்னால் ஒன்றேகால். கேனானில் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல்.

இவ்வளவுதான் ஃபுல் ஃபிரேம் தருவது: ஒன்றேகால் ஸ்டாப். ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்த படம், அதே காலத்துக் கிராப் பாடியில் ஐஎஸ்ஓ 2700 வைத்து எடுத்ததுபோல் இருக்கும். நல்ல முன்னேற்றம்தான், குறைத்துச் சொல்லவில்லை. இப்போது முன்பு எடுத்துவைத்த இரண்டு எண்களைப் பாருங்கள். கிட் லென்ஸிலிருந்து எஃப் 1.8க்குப் போனால் 25,600இலிருந்து 2500. மூன்று ஸ்டாப்புக்கும் மேல். ஃபுல் ஃபிரேம் பாடி தருவதைப்போல் இரண்டரை மடங்கு ஸ்டாப்புகளை, பாடி விலையில் ஒரு சிறு பங்கு கொடுத்தால் கிடைக்கிற 35 அல்லது 50 எஃப் 1.8 லென்ஸ் தந்துவிடுகிறது. கிட் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஃபுல் ஃபிரேமைப் பற்றி யோசிப்பவர்களுக்கு என் பதில் இதனால் எப்போதும் ஒன்றுதான்: முதலில் ஒரு பிரைம் லென்ஸ் வாங்குங்கள்.

அந்த அதிகப்படி வெளிச்சம் எந்த வழியாக வருகிறது

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாங்கும்போது ஏமாறுவதும் ஏமாறாமல் தப்பிப்பதும் இங்கேதான் இருக்கிறது.

சென்சார் தானாக வெளிச்சத்தை இழுத்துக்கொள்ளாது. லென்ஸ் துவாரம் வழியாக வருவதைத்தான் வாங்கிக்கொள்ளும். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துவாரம் 50-ஐ 1.8 ஆல் வகுத்தால் வருகிற அளவு: கிட்டத்தட்ட 28 மி.மீ. கிராப் பாடியில் அதே காட்சியை ஏறக்குறைய அதே அளவில் அடைக்க 35 மி.மீ. லென்ஸ் வேண்டும். 35 எஃப் 1.8 லென்ஸின் துவாரம் 19 மி.மீ. சொச்சம். 28 விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 19 விட்டமுள்ளதைவிட இரண்டு மடங்கு. வேஷக்காரரின் முகத்திலிருந்து கிளம்பி உங்கள் பக்கம் வருகிற வெளிச்சத்தில் இரண்டு மடங்கு அந்தப் பெரிய துவாரத்துக்குள் நுழைகிறது. ஃபுல் ஃபிரேமின் ஆதாயம் முழுவதும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

அப்படியானால் ஃபுல் ஃபிரேம் வாங்கிவிட்டு அதில் சின்னத் துவாரமுள்ள லென்ஸை மாட்டினால்?

மிகச் சாதாரணமாக நடக்கிற ஒன்று இது. கிராப் பாடியில் 17-50 எஃப் 2.8 ஜூம் வைத்திருக்கிறார் ஒருவர். ஃபுல் ஃபிரேமுக்கு மாறுகிறார். பட்ஜெட் இடிப்பதால் 24-105 எஃப் 4 லென்ஸோடு வாங்குகிறார். இரண்டு சென்சார்களின் அகல விகிதம் சுமார் 1.5; எஃப் 2.8ஐ அதால் பெருக்கினால் 4.2. அதாவது பழைய கூட்டணியும் புதிய கூட்டணியும் வாங்கும் மொத்த வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றே. கூத்து மேடையில் பழைய கேமராவில் ஐஎஸ்ஓ 6400. புதியதில் எஃப் 4 என்பதால் ஐஎஸ்ஓ 12,800. பெரிய சென்சாரில் 12,800 என்பது சின்ன சென்சாரில் 6400 போலத்தான் இருக்கும். லட்சம் ரூபாய்க்கு மேல் செலவான பிறகு இருட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஜூம் தூரம் நீண்டது, அந்த ஒரு லாபம்தான்.

இன்னும் மலிவான 24-105 எஃப் 4-7.1 போன்ற கிட் லென்ஸ்களில் நிலைமை மேலும் மோசம். ஜூமின் கடைசியில் எஃப் 7.1, அந்த மேடையில் ஐஎஸ்ஓ 40,000ஐத் தாண்டும். 24-50 எஃப் 4.5-6.3 என்று கேனான் ஆர்8 உடன் வருகிற கிட் லென்ஸும் பகலுக்கு நல்ல லென்ஸ், தூக்கிக்கொண்டு நடக்க இலகு, இரவுக்கு ஆகாது.

ஆகவே ஃபுல் ஃபிரேமுக்கு மாறுவது என்று நீங்கள் கணக்குப் போடும்போது பாடியின் விலையை மட்டும் போடாதீர்கள். குறைந்தது ஒரு எஃப் 1.8 பிரைமையும் சேர்த்துப் போடுங்கள். எஃப் 2.8 ஜூம் இல்லாமல் முடியாது என்றால் 24-70 எஃப் 2.8-இன் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல பிராண்டுகளில் அது பாடியின் விலையைத் தொடும், சிலவற்றில் தாண்டும். எடையையும் பாருங்கள். நிக்கானின் இசட் 24-70 எஃப் 2.8 எஸ் 805 கிராம், கேனானின் ஆர்எஃப் 24-70 எஃப் 2.8 900 கிராம். விடிய விடியத் தோளில் தொங்கப்போவது அது.

கையில் இருக்கும் கிராப் லென்ஸ்கள் புதிய பாடியில் மாட்டுமே என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் மாட்டும். ஆனால் அந்த லென்ஸ் விழவைக்கும் வட்டம் ஃபுல் ஃபிரேமை மூடாது. கேமரா தானாகவே கிராப் பயன்முறைக்குப் போய்ச் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் பாடி சுமார் 10 மெகாபிக்சலாகச் சுருங்கும், இருட்டு ஆதாயமும் காணாமல் போகும்.

எது எவ்வளவு தெளிவாக வேண்டும்

பெரிய துவாரத்துக்கு விலை உண்டு. அது ஆழத்தில், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறது என்பதில், தெரியும். 85 மி.மீ. எஃப் 1.8-ஐ முழுக்கத் திறந்து அருகிலிருந்து முகத்தை எடுத்தால் கண்ணின் மை தெளிவாக இருக்கும், கிரீடத்தின் ஓரம் கரைந்து போகும். ஒற்றை முகத்துக்கு அது அழகு. துரியோதனனும் கட்டியங்காரனும் ஒருவருக்குப் பின் ஒருவர் நின்று வாதாடும் காட்சியில் இருவரும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 4க்காவது மூட வேண்டியிருக்கும். கிராப் பாடியில் அதே ஆழம் எஃப் 2.8-லேயே வந்துவிடும். அதாவது ஒரே ஆழம், ஒரே ஷட்டர் என்று பிடிவாதமாக நின்றால் இரண்டு கேமராக்களும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் வாங்கும். ஃபுல் ஃபிரேமின் ஒன்றேகால் ஸ்டாப் உங்களுக்கு வேண்டுமென்றால் ஆழத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

நகராத காட்சியில் கதையே வேறு. கோபுர விளக்கு அலங்காரத்தையோ ஊர் அடங்கிய தெருவையோ டிரைபாடில் வைத்து எடுக்கிறீர்கள் என்றால் ஐஎஸ்ஓ 100 வைத்து ஷட்டரைப் பத்து நொடி திறந்துவிடுங்கள். எந்தச் சென்சாராக இருந்தாலும் படம் சுத்தமாக வரும். ஃபுல் ஃபிரேமுக்காக அங்கே செலவழிக்கத் தேவையே இல்லை. பால்வீதியை எடுப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. பூமி சுழல்வதால் அகன்ற லென்ஸிலும் இருபது நொடிக்கு மேல் நட்சத்திரங்கள் கோடாக இழுபடத் தொடங்கும், ஆகவே அவர்களுக்கு ஒவ்வொரு ஸ்டாப்பும் முக்கியம்.

பாடிக்குள்ளேயே இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் திருத்தும். ஆடுகிறவரின் காலை நிறுத்தாது.

தாளம் தெரிந்தவருக்குக் கிடைக்கும் ஸ்டாப்

1/250 என்று ஷட்டரை முதலிலிருந்தே தீர்மானித்துவிட்டோம். சுழலும்போது அது வேண்டும், சில சமயம் அதுவும் போதாது. ஆனால் ஆட்டம் முழுக்கச் சுழற்சி இல்லை. மிருதங்கம் தீர்மானம் வைத்து முடிக்கிற இடத்தில் வேஷக்காரர் கால் தட்டி, மார்பை நிமிர்த்தி, ஒரு கணம் நிற்பார். கிரீடம் ஆடாது, கண் மட்டும் உருளும். அந்தக் கணத்தில் 1/100 தாராளமாகப் போதும். 1/250இலிருந்து 1/100க்கு வந்தால் வெளிச்சம் 2.5 மடங்கு கூடுகிறது. ஃபுல் ஃபிரேம் எத்தனை மடங்கு தரும் என்று பார்த்தோம்? 2.4, கேனானோடு ஒப்பிட்டால் 2.6. அதே அளவு!

அந்த அளவு வெளிச்சத்தைத் தாளத்தைக் காதில் வாங்கிக் காத்திருப்பவர் காசு செலவில்லாமல் பெறுகிறார். கூத்து, பரதம், கச்சேரி எதை எடுப்பவராக இருந்தாலும் முதல் அரைமணி நேரம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். எந்த இடத்தில் நிற்பார்கள், எந்த அடிக்குப் பிறகு திரும்புவார்கள் என்று உடம்புக்குத் தெரிந்துவிட வேண்டும்.

1/100க்கு இன்னொரு வசதியும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250 வைத்துத் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும், சில படங்களில் குறுக்கே பட்டை விழுந்தும் வரும். 1/100 ஒரு முழுத் துடிப்பை உள்வாங்கிக்கொள்வதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் போட்டு வையுங்கள். சத்தம் வராமல் எடுக்க எலெக்ட்ரானிக் ஷட்டர் ஆசை காட்டும். இந்த விளக்குகளுக்குக் கீழே பட்டைகள் அதில்தான் அதிகம் விழும், மெக்கானிக்கலே நல்லது.

பாடியில் வேறு என்ன பார்க்க வேண்டும்

மெகாபிக்சல் குறைந்தால் இருட்டில் நன்றாக வரும் என்பது பாதி உண்மை. ஒரே அளவு சென்சாரில் 24 மெகாபிக்சலும் 45 மெகாபிக்சலும் மொத்தத்தில் வாங்கும் வெளிச்சம் ஒன்றுதான். இரண்டு படத்தையும் ஒரே அளவில் அச்சடித்தால் வித்தியாசம் தேடித்தான் பார்க்க வேண்டும். 12 மெகாபிக்சலோடு 2014இல் வந்த சோனி ஏ7எஸ் பெயர் வாங்கியது பெரிதும் வீடியோ எடுப்பவர்களிடம்.

ஃபோகஸ் இதைவிட முக்கியம். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஃபோகஸ் தப்பிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் திறன் சென்சார் அளவைவிடக் கேமராவின் வயதைப் பொறுத்தது. பழைய ஃபுல் ஃபிரேம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அந்த 2005ஆம் ஆண்டு 5டியில் சாதாரணமாக வைக்கக்கூடிய ஐஎஸ்ஓவின் உச்சம் 1600, நீட்டித்தால் 3200. கண்ணைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து பிடிக்கிற இன்றைய கிராப் பாடி ஒன்று, கூத்து மேடையில் அதைவிட அதிகமான நல்ல படங்களைத் தந்துவிடும்.

அடுத்து மென்பொருள். 2023 ஏப்ரலில் அடோபி லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவால் நாய்ஸ் நீக்கும் வசதி வந்தது. டிஎக்ஸ்ஓ என்ற மென்பொருள் நிறுவனம் அதற்கு முன்பே தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தது. ரா கோப்பாக எடுத்திருந்தால் இவை உண்மையிலேயே பெரிய உதவி. என் கண்ணுக்கு ஒரு ஸ்டாப்புக்குக் குறையாத பலன் தெரிகிறது. கிராப் பாடிக்காரர்கள் புதியது வாங்குவதற்கு முன் இதை முயன்று பார்க்க வேண்டும். ஆனால் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். கூத்து வேஷத்தில் சிவப்பு அரிதாரத்தின் மேல் கண்ணைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றும் மிளகளவு. மென்பொருளை முழு அளவில் ஓட்டினால் அந்தப் புள்ளிகள் மழுங்கிவிடும், வியர்வையில் அரிதாரம் வெடித்த கோடுகள் மறைந்துவிடும். பல மணி நேரம் உட்கார்ந்து போட்ட வேஷம் அது. பாதி அளவில் நிறுத்தி, கொஞ்சம் நாய்ஸ் மிச்சமிருக்க விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

யார் மாற வேண்டும்

உங்கள் பழைய இரவுப் படங்களைத் திறந்து அப்பெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் பாருங்கள். அப்பெர்ச்சர் எஃப் 4, 5.6 என்று இருந்தால் உங்களுக்கு வேண்டியது லென்ஸ். எஃப் 1.8 இருந்தும் ஷட்டர் தேவையில்லாமல் 1/1000இல் நின்றிருந்தால் வேண்டியது அமைப்பில் ஒரு திருத்தம். எஃப் 1.4 அல்லது 1.8 முழுக்கத் திறந்து, ஷட்டரையும் முடிந்தவரை இறக்கி, ரா கோப்பாக எடுத்து, அதற்குப் பிறகும் ஐஎஸ்ஓ 6400, 12,800 என்று போய்க்கொண்டிருந்தால், நீங்கள் கிராப் சென்சாரின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். மாறுங்கள், அந்த ஒன்றேகால் ஸ்டாப்பை முழுசாக உணர்வீர்கள்.

இன்னொரு கூட்டமும் மாறலாம், என் பார்வையில் அவர்களுக்குத்தான் ஃபுல் ஃபிரேம் அதிகம் பயன்படுகிறது: இடம் மாற முடியாமல் ஜூம் போட்டே ஆக வேண்டியவர்கள். கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் லென்ஸ் கழற்றி மாட்ட நேரமில்லை. கிராப் பாடியில் எஃப் 2.8ஐவிடத் திறந்த ஜூம்கள் வெகு சில. 2013இல் வந்த சிக்மா 18-35 எஃப் 1.8 அவற்றில் ஒன்று, அதுவும் குறுகிய தூரத்துக்கே. ஃபுல் ஃபிரேமில் 24-70, 70-200 இரண்டும் எஃப் 2.8இல் எல்லாப் பெரிய பிராண்டிலும் இருக்கின்றன. அந்த லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் தயங்க வேண்டியதில்லை.

பெரிய ஊர்களில் பாடியும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் ஓர் இரவுக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் கிராப் பாடியில் 35 எஃப் 1.8, வாடகைப் பாடியில் 50 எஃப் 1.8, இரண்டிலும் ஒரே ஷட்டர், ஒரே இடத்தில் நின்று ஒரே வேஷக்காரர். வீட்டுக்கு வந்து ஒப்பிடும்போது இரண்டையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். மெகாபிக்சல் வேறாக இருந்தால் அந்த ஒப்பீடு தப்பாகக் காட்டும். இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குக் குறைத்து, முடிந்தால் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அச்சடித்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு அரிதாரத்தையும், புஜக்கட்டையின் கண்ணாடித் துண்டுகளுக்கு அடியிலுள்ள நிழலையும் கவனியுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.